ஒரு பல் தள்ளி

“விட்ட, அவ்ளோதான்! கைய முறிச்சிருவேன்!”

பக்தவத்சலத்தின் குரல் பார்க்கிங்கின் தாழ்ந்த கூரையில் மோதித் திரும்பியது. சியாமளா விடவில்லை. முன்சக்கரம் கழற்றிய குழிக்கு எதிரே குந்தி, புல்லி சுற்றாமல் பிடிக்கிற கவட்டைக் கம்பியை இரண்டு கைகளாலும் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தாள். அவர் ஸ்பேனரின் வாலில் நீளமான குழாயைச் செருகி, ஒரு காலைத் தூணில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். போல்ட் இளகிவிட்டது. இளகிய வேகத்தில் குழாய் நழுவி, அவருடைய விரல் முட்டிகள் மட்கார்டின் விளிம்பில் போய் இடித்தன.

தோல் வழன்று ரத்தம் கசிவதை ஒரு கணம் பார்த்தார். பிறகு காலால் சியாமளாவின் தோளை நெட்டித் தள்ளினார்.

“ஒழுங்காப் பிடிச்சிருந்தா எனக்கு இப்படி ஆவுமா? தண்டம்!”

அவள் பின்பக்கமாகச் சாய்ந்து, கையை ஊன்றி, மறுபடி எழுந்து உட்கார்ந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. அடுத்து என்ன கேட்பார் என்பதில் கவனம் இருக்க வேண்டும். கேட்டது கைக்கு வரத் தாமதமானால் அதற்கு வேறு தனியாக விழும்.

“பதிமூணு” என்றார்.

பதிமூன்றாம் நம்பர் ஸாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. புனே விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற பழைய நான்கு மாடிக் கட்டடம். பக்தவத்சலம் போசரியில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குடியாத்தத்திலிருந்து ஐ.டி.ஐ. படிப்போடு புனேவுக்கு வந்த நாளிலிருந்து, எந்த வண்டி வைத்திருந்தாலும் அதை ஒரு மெக்கானிக்கின் கையில் கொடுத்ததில்லை. “டூல் சரியா இருந்தா எவன் தயவும் வேணாம்” என்பார். டூல் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. என்ஜினைத் தாங்கிப் பிடிக்கத் தனி ஜாக். வண்டியை நிறுத்த இரும்பு ஸ்டாண்டுகள். புல்லிக்குக் கவட்டை. இறுக்கியது போதும் என்று ‘டக்’கென்று சொல்லும் டார்க் ரெஞ்ச். ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியில் தனித்தனியாகச் சுற்றி வைத்திருப்பார். ஒன்று மற்றொன்றில் இடிக்கக் கூடாது. அந்த வீட்டில் அவர் மெதுவாகத் தொட்டது அவற்றை மட்டும்தான்.

அன்றைக்கு டைமிங் பெல்ட் மாற்றும் வேலை. என்ஜினின் கீழ்ச்சக்கரத்தையும் மேல்சக்கரத்தையும் சேர்த்து ஓட்டுகிற, பல் வைத்த ரப்பர் வார் அது. ஓட்டத்தில் அறுந்தால் என்ஜின் போயிற்று. அதனால் அறுவதற்கு முன்பே, சில வருடங்களுக்கு ஒருமுறை, மாற்றிவிடுவார். கழற்றிய பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடமாட்டார். ஓரிடத்தில் அறுத்து நீளமாக்கி, குளியலறைக் கதவின் பின்னால் ஆணியில் மாட்டுவார். மகன் முரளியின் முதுகிலும் தொடையிலும் அது பட்ட இடமெல்லாம் வரிசையாகப் பல் பதிந்திருக்கும். சியாமளாவின் கைகளிலும் உண்டு. கல்லூரி முடித்த வருடம் முரளி அந்தப் பெல்ட்டை அவர் கையிலிருந்து பிடுங்கி, ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்துவிட்டு, போட்ட சட்டையோடு வெளியேறினான். இப்போது ஹிஞ்சவாடியில் சாஃப்ட்வேர் வேலை, கசார்வாடியில் வாடகை வீடு. ஒரு பஸ் தூரம்தான். நைனா இருக்கிற வீட்டுப் படி ஏறமாட்டேன் என்றவன் ஏறவில்லை. அம்மாவை மட்டும் எப்போதாவது மார்க்கெட் பக்கம் வரச்சொல்லிப் பார்ப்பான்.

படிக்கட்டு வாசலில்தான் தரை சமமாக இருக்கிறது, வெளிச்சமும் வருகிறது என்று பக்தவத்சலம் காரை அங்கே குறுக்காக நிறுத்தியிருந்தார். காருக்கும் தூணுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான் மிச்சம். மாடிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒருக்களித்துப் போனார்கள். அவரிடம் முகத்துக்கு நேரே சொல்ல யாரும் துணியவில்லை.

என்ஜினை ஜாக்கில் தாங்கவைத்து, அதை வண்டியோடு பிணைக்கிற மவுண்ட்டைக் கழற்றி, பழைய பெல்ட்டை உருவிப் போட்டு, புதியதை மாட்டினார். சியாமளா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். மேல்சக்கரத்தில் ஒரு புள்ளி இருக்கும். அது என்ஜினில் வெட்டியிருக்கும் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். அவளுக்கு நேராகத் தெரியவில்லை. டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். அப்போதும் தெரியவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

“ஒரு தடவ பாருங்களேன். மேல இருக்கிற புள்ளி ஒரு பல்லு தள்ளி நிக்கிறாப்ல இருக்குது.”

அவர் திரும்பவில்லை. “என்ன?”

“கோட்டுக்கு நேரா இல்ல. ஒரு பல்லு…”

ஒரு பல் தள்ளினால் வண்டி இழுக்காது. இரண்டு பல் தள்ளினால் உள்ளே வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இதை அவளுக்குச் சொன்னவரே அவர்தான். சொன்ன அன்றைக்கும் கத்தித்தான் சொன்னார். முதல் மாடி கிறிஸ்டோபர் பால் பாக்கெட்டோடு காருக்கும் தூணுக்கும் நடுவே நுழைந்துகொண்டிருந்தார். அவள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். அதுதான் காரணமா, காரணம் என்று ஒன்று வேண்டுமா என்று சியாமளாவுக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

பழைய பெல்ட் அவர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்தது தெரியவில்லை. கன்னத்திலிருந்து கழுத்துவரை நெருப்பை இழுத்தது போலிருந்தது. இரண்டாவது அடி காதோடு விழுந்தது.

“எனக்கு டைமிங் சொல்லிக் குடுக்கிறியாடி நீ? எனக்கு?”

மூன்றாவதற்குக் கை ஓங்கினார்.

கவட்டைக் கம்பி சியாமளாவின் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்தது அவளுக்கு நினைவில்லை. ஓங்கிய கையில், முழங்கைக்குக் கீழே, சதையும் எலும்பும் சேர்ந்து மந்தமாக ஒரு சத்தம் கேட்டது. பெல்ட் தரையில் விழுந்தது.

 கிறிஸ்டோபரின் கையில் பால் பாக்கெட் ஆடிக்கொண்டிருந்தது. பக்தவத்சலம் தன் கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் ஏறும் என்று அவள் காத்திருந்தாள். ஏறவில்லை. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிவிட்டவர் பஸ்ஸுக்குள் விழிப்பதுபோல விழித்தார்.

அவள் கம்பியைக் கீழே போட்டுவிட்டு மூன்று மாடி ஏறினாள். கதவை உள்ளே தாழிட்டாள். சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, தோசைக்கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் வந்தால் கதவு தாங்காது. தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் வரவில்லை. கீழே ராட்செட் ஸ்பேனரின் கடகட சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. வேலை செய்துகொண்டிருந்தார். அடிபட்ட கையோடு என்ன செய்கிறார் என்று நினைத்தாள். ஏதோ கீழே விழுகிற ஓசை வந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை.

“சியாமளா!”

பெயர் சொல்லி அவர் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. நம்பரைச் சொல்வார், அவள் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். தோசைக்கல்லின் காம்பை இறுக்கிப் பிடித்தாள்.

“சியாமளா…”

இரண்டாவது முறை குரல் அவ்வளவு பெரிதாக இல்லை. அவள் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவை இடித்தது கிறிஸ்டோபர்தான். “அக்கா, கதவத் தெறங்க! சார் கீழ விழுந்து கிடக்கிறாரு!”

*

கிறிஸ்டோபரும் வாட்ச்மேனும் சேர்ந்து அவரை மாடிக்குத் தூக்கினார்கள். காருக்கும் தூணுக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்து நுழைக்கும்போது தலை தூணில் இடித்தது. “ஸாரி ஸாப்” என்றான் வாட்ச்மேன், உயிரோடு இருப்பவரிடம் சொல்வதுபோல.

அடுத்த தெரு டாக்டர் வந்து பார்த்தார். ஹார்ட் என்றார். இனிமேல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை என்றார். வலது கையை எடுத்துப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே வீங்கிக் கருநீலமாக இருந்தது. “யே கைஸே ஹுவா?”, இது எப்படி ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவர், சியாமளாவின் கன்னத்தைப் பார்த்தார். கன்னத்தில் ஆரம்பித்துக் கழுத்துவரை பல் பல்லாகச் சிவந்த தடம். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் அந்தக் கையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, பையை மூடினார்.

பக்தவத்சலத்தின் தங்கை அம்மு போசரியிலிருந்து ஆட்டோவில் வந்தாள். வாசலிலேயே மாரடித்துக்கொண்டு விழுந்தாள். “என் சிங்கமே! என்னப் பெத்த தகப்பன் மாதிரி இருந்தியே!” அழுகை ஓய்ந்த ஒரு நடுவில், முந்தானையை இழுத்துச் சியாமளாவின் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினாள்.

“மூடிக்க அண்ணி. வர்றவங்க பாப்பாங்க.”

சியாமளா அதைக் கழுத்திலிருந்து இறக்கிவிட்டாள்.

முரளி வந்தபோது ஐஸ் பெட்டி வந்திருந்தது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, பெட்டிக்குள் இருக்கிற முகத்தைப் பார்த்தான். அழவில்லை. கை எடுத்தும் கும்பிடவில்லை. பிறகு அம்மாவிடம் வந்தான். அவள் தாடையைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, அந்தத் தடத்தைப் பார்த்தான். 

“எப்ப?”

“இன்னிக்குத்தான். காலைல.”

“இன்னிக்குக் கூடவா?”

 அவன் திரும்பிப் பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டான். கண்ணாடி மூடி அதிர்ந்தது. அம்மு வீறிட்டாள். “பாவி! பெத்தவன்டா! பொணத்தப் போயி…” முரளி படியிறங்கிப் போய்விட்டான்.

அந்த நேரத்தில்தான் கிறிஸ்டோபர் தயங்கித் தயங்கி வந்து அந்த விஷயத்தைச் சொன்னார். பாடை கட்டியாகிவிட்டது. சவ வண்டியும் வந்து கேட்டில் நிற்கிறது. ஆனால் பாடை வெளியே போகாது.

“ஆள் ஒருக்களிச்சுப் போற எடம்தான் இருக்கு அக்கா. நாலு பேர் தோள் குடுத்துத் திரும்ப முடியாது. காலைல மாதிரி ஒருக்களிச்சு இடிச்சுக்கிட்டுக் கொண்டுபோறதும் மொறையில்ல. காரு நகந்தாத்தான் உண்டு.”

“ஒரு மெக்கானிக்கக் கூப்டா?” என்றாள் அம்மு.

“கூப்ட்டுப் பாத்தாச்சு. வேற ஆளு பாதியில விட்ட என்ஜின், அதுவும் செத்துப்போனவர் வேலை, தொடமாட்டேன்னுட்டான்.”

கீழேயிருந்து தகரம் நசுங்குகிற சத்தம் வந்தது. சியாமளா எழுந்து இறங்கினாள். பின்னால் அம்மு, “அண்ணி! தாலி கட்டிக்கிட்டவ பொணத்துகிட்ட ஒக்காராம எங்க போற?” என்று கூவினாள்.

முரளி ஜாக்கின் கைப்பிடிக் கம்பியை எடுத்துக்கொண்டு காரின் கதவை அடித்துக்கொண்டிருந்தான். ஓர் அடி, ஒரு கெட்ட வார்த்தை, மறுபடி ஓர் அடி. ஒவ்வோர் அடிக்கும் வண்டி ஸ்டாண்டின் மேல் ஆடியது. என்ஜினைத் தாங்கிக்கொண்டிருந்த ஜாக் கிறீச்சிட்டது. சியாமளா குறுக்கே போய் அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

“ஸ்டாண்டு மேல நிக்குதுடா! சாஞ்சா ஒம்மேலதான் விழும்!”

அவன் கம்பியோடு நின்றான்.  சின்னப் பிள்ளையில் அடி வாங்கிவிட்டு அழக் கூடாது என்று நிற்பானே, அப்படி.

“இதத் தள்ளிக் கவுத்துடலாம்மா. எல்லாருமாச் சேந்து.”

“கவுத்தா வழி இன்னும் அடைச்சுக்கும்.” அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினாள். “பெல்ட்டு சரியா ஒக்காந்துதான்னு பாத்து, மூடி, மவுண்ட்டு, புல்லி, சக்கரம். அவ்ளோதான் மிச்சம். நானும் நீயும் மாட்டிருவோம்.”

“எனக்கு இதெல்லாம் தெரியாது.”

“தெரியும். டார்ச்சு ஆடிச்சுன்னு நீ வாங்கினது எனக்குத் தெரியாதா? வா. பலம் நீ குடு.”

அவன் கம்பியைத் தரையில் எறிந்தான். வாட்ச் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டான். எண்ணெய்த் துணியில் சுற்றிய டூல்கள் திறந்தபடியே கிடந்தன. ஒரு ஸாக்கெட் மட்டும் தூணோரம் உருண்டு போயிருந்தது. அவர் விழுந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் சாய்ந்து, தரை இன்னும் ஈரமாக இருந்தது.

“மேல புள்ளி ஒரு பல்லு தள்ளி நிக்குது” என்றாள். “அதச் சொன்னதுக்குத்தான் இது.” கன்னத்தைத் தொடவில்லை, தலையை மட்டும் சாய்த்துக் காட்டினாள். “மொதல்ல அத இளக்கித் திருப்பி மாட்டணும். டார்ச்சக் காட்டு.”

முரளி காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

புள்ளி கோட்டுக்கு நேராக நின்றது.

கீழே பார்த்தாள். கீழேயும் நேராக நின்றது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள், விறைப்பாக இருந்தது. பெல்ட்டை விறைப்பாக வைக்கிற டென்ஷனர் இறுக்கியாகியிருந்தது. இறுக்கிய நட்டின் மேல், அவர் எப்போதும் அடையாளத்துக்குப் போடுகிற வெள்ளை பெயின்ட் கோடு கோணலாக, இடது கையால் போட்டதுபோல், ஓடியிருந்தது.

“என்னம்மா?”

“சுத்து” என்றாள். “கையால ரெண்டு சுத்து சுத்து.”

அவன் கீழ் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிச் சுற்றினான். என்ஜின் உள்ளே பெருமூச்சு விட்டுக்கொண்டே திரும்பியது. இரண்டு சுற்றும் முடிந்து புள்ளி மறுபடி கோட்டுக்கு நேரே வந்து நின்றது. ஒரு மயிரிழை தள்ளவில்லை.

சியாமளா குந்தியபடியே இருந்தாள். அவர் பெல்ட்டைக் கழற்றி, ஒரு பல் திருப்பி, மறுபடி மாட்டியிருக்கிறார். வீங்கிய கையோடு. அவள் மாடிக்குப் போன பிறகு.

“சரி பண்ணியிருக்காரு” என்றாள்.

“என்ன?”

“நாஞ் சொன்னது சரின்னு தெரிஞ்சிருக்குது அந்தாளுக்கு.” அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது. “பாத்திருக்கான். தெரிஞ்சிருக்குது. திருப்பி மாட்டியிருக்கான்.”

எழுந்தாள். ரப்பர் சுத்தியலுக்குப் பக்கத்தில் இரும்புச் சுத்தியல் கிடந்தது. அதை எடுத்தாள். முரளி “அம்மா” என்பதற்குள் முதல் அடி முன்கண்ணாடியில் விழுந்தது.

“அப்ப எதுக்குடா அடிச்ச?”

கண்ணாடி கீழே கொட்டவில்லை. அடி பட்ட இடத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக விரிசல் ஓடியது. மறுபடி அடித்தாள்.

“எதுக்குடா அடிச்ச? எதுக்குடா?”

ஹெட்லைட் போயிற்று. பானெட் ஓரம் குழிந்தது. வண்டியை ஆட்டாத இடமாகப் பார்த்து அடித்தாளா, தானாக அமைந்ததா என்று முரளிக்குத் தெரியவில்லை. மாடி மாடியாக ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மேலே ஒப்பாரி நின்றிருந்தது. வாட்ச்மேன் ஓடிவந்தான், கிறிஸ்டோபர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். முரளியும் தடுக்கவில்லை. டார்ச்சைப் பிடித்தபடி, வெளிச்சம் ஆடாமல், நின்றுகொண்டிருந்தான்.

கை ஓய்ந்ததும் சுத்தியலைக் கீழே வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். மறுபடி வந்து குந்தினாள். மூச்சு இரைத்தது.

“மூடிய எடு” என்றாள். “பத்தாம் நம்பரு.”

அதற்குப் பிறகு வேலை ஓடியது. மூடியை மாட்டினார்கள். மவுண்ட்டைப் பொருத்த முரளி ஜாக்கை ஏற்றி இறக்கி, துளைக்கு நேரே வராமல் திட்டினான். அவள் ஒரு ஸ்க்ரூடிரைவரை நெம்பி, “இப்ப, இப்ப” என்று கத்தினாள். முதலில் எடுத்த போல்ட் குட்டையாக இருந்தது. இரண்டாவது போல்ட்டின் மரை கோணலாக ஏறி, கழற்றி மறுபடி போட வேண்டியிருந்தது. ஸ்பேனர் நழுவி அவள் விரலைச் சிராய்த்தது. வாயில் வைத்துச் சப்பிவிட்டுத் தொடர்ந்தாள். புல்லி போல்ட்டுக்கு அவள் கவட்டையைத் தரையோடு அழுத்த, முரளி குழாய் போட்டு இழுத்தான். கவட்டையைக் கையில் எடுத்தபோது ஒரு நொடி நின்றாள். பிறகு பிடித்தாள்.

“அம்மா, கை நழுவுதா? வேணா வுட்ரு, நான் வேற மாதிரி பாக்கிறேன்.”

“நீ இழு.”

இழுத்தான். டார்க் ரெஞ்ச் ‘டக்’ என்றது.

சக்கரத்தை மாட்டும்போது, அவன் முகத்தைப் பார்க்காமல், நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

“கூப்ட்டாருடா. ரெண்டு தடவ. பேரு சொல்லி. நான் வரல.”

முரளி நட்டைச் சுற்றிக்கொண்டிருந்தான். “நான் இருந்திருந்தாலும் வந்திருக்கமாட்டேம்மா” என்றான்.

“ஒன் கத வேற.”

“ஏன், நான் மட்டும் என்ன?”

அவள் கடைசி நட்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

பாட்டரி ஒயரை மாட்டி, ஸ்டாண்டுகளை உருவி, வண்டியைத் தரையில் இறக்கினார்கள். “தள்ளிடலாம்மா, நாலு பேர் இருக்காங்க” என்றான் முரளி. அவள் தலையாட்டினாள்.

“ஸ்டார்ட் பண்ணு.”

அவன் ஏறி உட்கார்ந்தான். முதல் முறை என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. இரண்டாம் முறை பிடித்தது. பழைய டீசல் வண்டி; பார்க்கிங் முழுக்கச் சத்தம் நிறைந்தது. சியாமளா பானெட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, காதைச் சாய்த்துக் கேட்டாள். உள்ளே எதுவும் எதோடும் இடிக்கவில்லை. சீராக ஓடியது. கையை எடுத்துக்கொண்டு விலகினாள். விரிசல் விட்ட கண்ணாடி வழியாக எதுவும் தெரியாமல், முரளி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வாட்ச்மேன் “ஆனே தோ, ஆனே தோ”, வரட்டும் வரட்டும் என்று சொல்லச் சொல்ல, காரைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோனான்.

*

கார் நின்ற இடத்திலேயே அவரைக் கொண்டுவந்து பெஞ்சில் கிடத்தினார்கள். கிறிஸ்டோபர் கண்ணாடித் துணுக்குகளைக் கூட்டி ஒதுக்கியிருந்தார். ஆண்கள் திரும்பி நிற்க, ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்து, அம்முவும் சியாமளாவும் குளிப்பாட்டினார்கள். அம்மு அழுதபடியே சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினாள். “என் ராசா, ஒன் ஒடம்பு சில்லுனு ஆயிடுச்சே…” வலது கையைத் தூக்கித் தேய்க்கப் போனவள் நின்றாள்.

“இது என்ன அண்ணி, இப்படி வீங்கியிருக்குது? விழுறப்ப இடிச்சிக்கிச்சா?”

“நான் அடிச்சேன்” என்றாள் சியாமளா.

அம்முவின் கையில் சொம்பு அந்தரத்தில் நின்றது. தண்ணீர் விளிம்பில் ததும்பிக் கீழே சொட்டியது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அம்மு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது சுண்டுவிரல் சொம்பைப் பிடிக்காமல் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தது. அந்த விரல் எப்போதுமே மடங்காது.

“சின்னதுல இந்த வெரலு கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்” என்றாள், யாரும் கேட்காமலே. “எங்க வூட்டுக்காரருகிட்டயும் அப்படித்தான்.”

சொம்பைச் சாய்த்து அந்தக் கையின் மேல் தண்ணீரை ஊற்றினாள். மறுபடி மொண்டாள். அதன் பிறகு அவள் சத்தம் போட்டு அழவில்லை.

உடம்பைத் துடைத்து, வேட்டி கட்டி, நாமமிட்டு, பாடையில் ஏற்றினார்கள். முரளி கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டருகில் நின்றான். பிடிக்கமாட்டேன் என்று சொல்லுவான் என்று எல்லாரும் பயந்தார்கள். கையை நீட்டி வாங்கிக்கொண்டான். அவன் சட்டையில் நெஞ்சிலிருந்து இடுப்புவரை கிரீஸ். மாற்றிக்கொள்ளச் சொன்னதற்கு, இருக்கட்டும் என்றுவிட்டான். சவ வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். எரவாடா மயானத்தில் நேரம் சொல்லியாகிவிட்டது என்றான்.

“வாய்க்கரிசி போடறவங்க வாங்க” என்று ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

சியாமளா முதலில் போனாள். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கையில் கிரீஸ் கறை போகவில்லை. அம்மு நீட்டிய தட்டிலிருந்து அரிசியை அள்ளினாள். சிராய்த்த விரலில் அரிசி ஒட்டியது. குனிந்து, அவர் உதட்டைக் கட்டைவிரலால் கொஞ்சம் விலக்கி, போட்டாள். மறுபடி அள்ளிப் போட்டாள். மூன்றாவது பிடி வாய்க்குள் போகாமல் வழிந்து தாடையில் நின்றது. வெள்ளை அரிசிக்கு நடுவில் அங்கங்கே சில மணிகள் சாம்பல் நிறமாக இருந்தன. பெரியவர் அவற்றைத் தட்டிவிடக் கையைக் கொண்டுபோனார், பிறகு எடுத்துக்கொண்டார்.

அடுத்தவர் வருவதற்காகச் சியாமளா நகர்ந்து நின்றாள்.